சம்மதம் வாங்கியாச்சு... யார்கிட்ட?

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. காபியோ டீயோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ஹார்வர்டு பல்கலைக்கழகம்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது நோபல் பரிசு, அமெரிக்க ஜனாதிபதிகள், அப்புறம் படிப்பைப் பாதியில விட்டுட்டுக் கோடீஸ்வரன் ஆனவங்க. இந்தப் பதிவு அவங்களைப் பத்தி இல்லை. அங்கே படிக்கப் போய், தனக்கே தெரியாம ஆராய்ச்சிப் பொருளா மாறின மாணவர்களைப் பத்தி. 1940-களில் ஆரம்பிச்சு 2014 வரைக்கும் அந்த ஒரே வளாகத்துல நடந்த நாலு ஆராய்ச்சிகளை வரிசையா வச்சுப் பார்த்தேன். துறை வேற, காலம் வேற, நோக்கமும் வேற. ஆனா ஒரு விஷயம் மட்டும் நாலுலயும் அப்படியே இருக்கு. அதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. ஆராய்ச்சின்னு வந்தா ஏன் எப்பவும் மாணவர்கள்?

பதில் ரொம்ப சுலபம். பக்கத்துலயே இருக்காங்க. சம்பளம் கொடுக்க வேண்டாம். சொன்ன நேரத்துக்கு வருவாங்க. முக்கியமா, கூப்பிடறது பேராசிரியர். அமெரிக்காவுல உளவியல் முதல் வருஷப் பாடம் எடுத்தா, துறையில நடக்கிற ஆராய்ச்சிகள்ல கலந்துக்கிட்டா அதுக்கு மதிப்பெண் உண்டு. பல இடங்கள்ல இது பல வருஷமா இருக்கிற ஏற்பாடு. 1946-லயே க்வின் மெக்நீமர் என்கிற உளவியலாளர் இதைக் கிண்டல் பண்ணியிருக்கார்: மனித நடத்தை பத்தின அறிவியல்னு நாம சொல்லிக்கிறது, பெரும்பாலும் ரெண்டாம் வருஷக் கல்லூரி மாணவனோட நடத்தை பத்தின அறிவியல்தான்னு. அப்புறம் நிலைமை மாறிடுச்சான்னு கேட்டா, இல்லை. சமூக உளவியலின் முக்கியமான ஆய்விதழ் ஒன்றில் 2007-ல வந்த கட்டுரைகளை எடுத்துப் பார்த்தப்போ, அமெரிக்க ஆய்வுகளில் 67 சதவீதத்துல கலந்துக்கிட்டவங்க எல்லாருமே உளவியல் வகுப்பு மாணவர்கள்.

நம்ம ஊர்ப் பாஷையில யோசிச்சுப் பாருங்க. இன்டர்னல் மார்க் கையில வச்சிருக்கிற சார் வகுப்புக்கு வந்து, "ஒரு சின்ன ஃபார்ம்பா, விருப்பம் இருந்தா நிரப்புங்க"ன்னு சொன்னா, "விருப்பம் இல்லை சார்"னு எழுந்து நின்னு சொல்ற தைரியம் எத்தனை பேருக்கு வரும்? கடைசி பெஞ்சுல கூட வராது :-) அந்த 'சரி சார்'தான் இந்தப் பதிவோட பிரச்சினை. சரி, கதைக்கு வருவோம்.

1. முதுகெலும்பு சோதனை

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் முதல் வருஷம் சேர்ந்த பிள்ளைங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரச் சொல்லுவாங்க. துணியை எல்லாம் கழட்டச் சொல்லுவாங்க. முதுகெலும்பு நெடுக சின்னச் சின்ன உலோகக் குச்சிகளை ஒட்டுவாங்க. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டுன்னு படம் எடுப்பாங்க. எதுக்குன்னு கேட்டா, "நீ நேரா நிக்கிறியான்னு பார்க்க"ன்னு பதில். ஹார்வர்டு, யேல், வெல்ஸ்லி, வாசர், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக்னு பெரிய பேரெல்லாம் இந்தப் பட்டியல்ல இருக்கு. ஆண்கள், பெண்கள் ரெண்டு பேரும். சில இடங்கள்ல 1960-கள் வரைக்கும் நடந்திருக்கு.

நிமிர்ந்து நிக்கிறதைப் பார்க்கிறது ஒரு காரணம்தான். இந்தப் படங்கள் மேல கண் வச்சிருந்த இன்னொருத்தர் வில்லியம் ஷெல்டன். ஒருத்தனோட உடம்பு வாகைப் பார்த்தே அவன் குணத்தைச் சொல்லிடலாம்னு நம்பின ஆசாமி. குண்டு, கட்டுமஸ்து, ஒல்லின்னு மூணு வகையா மனுஷங்களைப் பிரிச்சார். ஜிம்முக்குப் போறவங்க 'எக்டோமார்ஃப், மெசோமார்ஃப், எண்டோமார்ஃப்'னு பேசிக்கிறதைக் கேட்டிருப்பீங்க. அந்த வார்த்தைகள் எல்லாம் இவர் உபயம். ஹார்வர்டுல இருந்த மானுடவியல் பேராசிரியர் ஏர்னஸ்ட் ஹூட்டனும் இதே வண்டியில வந்தவர். ஷெல்டன் 1940-ல போட்ட முதல் புத்தகத்துக்கு அடிப்படையே கல்லூரி ஆண்களின் சுமார் 4,000 படங்கள்தான். 1954-ல 'ஆண்களின் அட்லஸ்'னு படங்களோடவே ஒரு புத்தகம் வந்தது. முகத்தை மறைச்சுட்டாங்களாம். அதனால பரவாயில்லையாம்! (இந்த 'மறைச்சுட்டோம், பரவாயில்லை'யை ஞாபகம் வச்சுக்குங்க. அறுபது வருஷம் கழிச்சுத் திரும்ப வரும்.)

ஒரே ஒரு இடத்துல மாட்டினார். 1950-ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல பெண்களைப் படம் எடுக்க ஆரம்பிச்சப்போ, ஒரு பொண்ணு வீட்டுக்குப் போய் அப்பா அம்மாகிட்ட சொல்லிடுச்சு. மறுநாள் வக்கீல்களும் பல்கலைக்கழக அதிகாரிகளும் ஆய்வகத்துக்குள்ள புகுந்து படங்களை எல்லாம் எடுத்து எரிச்சுட்டாங்க. கவனிங்க, ஒரே ஒரு பொண்ணு வீட்டுல வாயைத் திறந்தது. அவ்வளவுதான் தேவைப்பட்டது. மத்த இடங்கள்ல ஆயிரக்கணக்கான பேர் வாயைத் திறக்கலை. பெரிய காலேஜ், பெரிய மனுஷங்க சொல்றாங்க, சரியாத்தான் இருக்கும்னு வரிசையில நின்னாங்க.

ஷெல்டன் 1977-ல போய்ச் சேர்ந்தார். அவரோட குணக் கணக்கை அறிவியல் உலகம் தூக்கிப் போட்டுடுச்சு. ஆனா படங்கள்? அதுங்க பாட்டுக்குப் பெட்டிப் பெட்டியா இருந்துச்சு, கடைசியில வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1995 ஜனவரியில ரான் ரோசன்பாம் என்கிற பத்திரிகையாளர் நியூயார்க் டைம்ஸ் இதழ்ல இதை எழுதினார். இவரும் யேல்ல படிச்சப்போ அந்த வரிசையில நின்னவர்தான். அதுக்குள்ள அந்தப் பிள்ளைங்க எல்லாம் நீதிபதி, அமைச்சர், எழுத்தாளர்னு ஆகியிருந்தாங்க. ஊரே அலறிச்சு. யேல் கேட்டுக்கிட்டதும் அவங்க படங்களை ஸ்மித்சோனியன் அழிச்சது. ஆராய்ச்சி செத்துப் போச்சு, ஆராய்ச்சியாளர் செத்துப் போனார், டேட்டா மட்டும் சாகலை. எங்க தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது புரியும். பேக்கப்புன்னு ஒண்ணு எடுத்துட்டா அது எங்கே எங்கே போகும்னு எடுத்தவனுக்கே தெரியாது.

2. கண்ணாடிக்குப் பின்னால

அடுத்தது 1959. ஹார்வர்டு உளவியல் பேராசிரியர் ஹென்றி மரே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுத்துறைக்கு ஆள் எடுக்கும்போது, மன அழுத்தத்தை யார் தாங்குவாங்கன்னு சோதிச்சுக் கொடுத்தவர். 1959-ல இருந்து 1962 வரைக்கும் 22 இளங்கலை மாணவர்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணார்.

மாணவர்கள்கிட்ட சொன்னது: உன் வாழ்க்கைத் தத்துவத்தை ஒரு கட்டுரையா எழுதிக் குடு, அப்புறம் உன்னை மாதிரியே இன்னொரு மாணவனோட அதைப் பத்தி விவாதம் பண்ணலாம். பசங்க சந்தோஷமா எழுதினாங்க. அந்த வயசுல தன்னோட கொள்கையைப் பத்திக் கேட்டா யாருதான் எழுத மாட்டாங்க?

நடந்தது: நாற்காலியில உட்கார வச்சு, உடம்புல மின்முனைகளை ஒட்டி, முகத்துக்கு நேரா பளிச்சுன்னு விளக்கு. எதிர்ல வந்தவன் சக மாணவன் இல்லை, இதுக்குன்னே பயிற்சி கொடுத்த சட்டம் படிக்கிற ஆள். அவன் வேலை, இந்தப் பையன் எழுதின கட்டுரையை வச்சே அவனைக் கிழிகிழின்னு கிழிச்சு அவமானப்படுத்தறது. இதயத்துடிப்பு ஒரு பக்கம் பதிவாகும். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால கேமரா ஓடும். அப்புறம் அந்தப் படத்தை அந்தப் பையனுக்கே போட்டுக் காட்டி, "இப்போ என்ன தோணுது?"ன்னு கேள்வி. மூணு வருஷத்துல ஆளுக்குச் சுமார் 200 மணி நேரம் இந்த ஆராய்ச்சியில போச்சு. 1963-ல மரே இதை ஆய்விதழ்ல கட்டுரையாவும் வெளியிட்டார். ஒளிச்செல்லாம் வைக்கலை. அந்தக் காலத்துல அதுல தப்புன்னு யாருக்கும் பெருசா தோணலை.

22 பேருக்கும் புனைபெயர் கொடுத்திருந்தாங்க, அடையாளம் தெரியக் கூடாதுன்னு. அதுல ஒருத்தனுக்கு 'லாஃபுல்'னு பேர், அதாவது சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். 16 வயசுல ஹார்வர்டுல சேர்ந்த கணக்குப் புலி. அவன் நிஜப் பேர் இன்னிக்கு உலகத்துக்கே தெரியும்: டெட் கசின்ஸ்கி. 1978-ல இருந்து 1995 வரைக்கும் தபால்ல குண்டு அனுப்பி 3 பேரைக் கொன்னு 23 பேரைக் காயப்படுத்தின 'யூனாபாம்பர்'. 2000-ல ஆல்ஸ்டன் சேஸ் என்கிற எழுத்தாளர் அட்லாண்டிக் பத்திரிகையில எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான் இந்தத் தொடர்பு பரவலா வெளிய வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "ஹார்வர்டு ஆராய்ச்சிதான் அவனைக் கொலைகாரனாக்கிச்சு"ன்னு இணையத்துல நிறைய பேர் எழுதறாங்க. அதுக்கு ஆதாரம் இல்லை. அதே நாற்காலியில உட்கார்ந்த மத்தவங்க யாரும் குண்டு வைக்கலை. அவன் கொலைகாரன் ஆனதாலதான் இந்த ஆராய்ச்சியே நமக்குத் தெரிய வந்தது, அவ்வளவுதான். என் கேள்வி மத்த 21 பேரைப் பத்தி. அவங்க 'சரி'ன்னு சொன்னது ஒரு விவாதத்துக்கு. கிடைச்சது வேற. விஷயத்தையே மாத்திச் சொல்லி வாங்கின சரிக்கு எப்படி சம்மதம்னு பேர் வைக்கிறது?

3. விதிகள் வந்த கதை

நடுவுல சட்டத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. இது இல்லைன்னா அடுத்த பகுதி புரியாது.

1966-ல ஹென்றி பீச்சர் என்கிற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவிலேயே, பேர் பெற்ற இடங்கள்லயே நடந்த நெறிமுறை இல்லாத 22 மருத்துவ ஆராய்ச்சிகளைப் பட்டியல் போட்டார். இவரும் ஹார்வர்டு பேராசிரியர்தான்! அதே ஊர்லதான் தப்பும் நடந்தது, தப்புன்னு சொன்ன ஆளும் இருந்தார். 1972-ல டஸ்கீகி விவகாரம் வெடிச்சது. கருப்பின ஆண்களுக்கு சிஃபிலிஸ் நோய் இருக்குன்னு தெரிஞ்சும், நோய் எப்படிப் போகுதுன்னு பார்க்கிறதுக்காக 40 வருஷம் சரியான சிகிச்சை கொடுக்காம வேடிக்கை பார்த்த கொடூரம். அதுக்கப்புறம் 1974-ல தேசிய ஆராய்ச்சிச் சட்டம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துலயும் நெறிமுறைக் குழு வேணும், மனிதர்களை வச்சு ஆராய்ச்சின்னா அந்தக் குழு அனுமதி தரணும்னு ஆச்சு. 1979-ல பெல்மான்ட் அறிக்கை வந்தது. மனிதனை மதி, நன்மை செய், சுமையையும் பலனையும் நியாயமாப் பகிர்ந்து கொடுன்னு மூணு கொள்கை. அறிக்கைக்கு அந்தப் பேர், அதை விவாதிச்ச மாநாட்டு மாளிகையால வந்தது. அந்த மாளிகை யாரோடது தெரியுமா? பின்னாளில் அந்த நிர்வாணப் படங்கள் போய்ச் சேர்ந்த அதே ஸ்மித்சோனியனோடது. என்னத்தைச் சொல்ல!

ஆக, குழு வந்தாச்சு, ஃபார்ம் வந்தாச்சு. பிரச்சினை தீர்ந்ததா?

4. முகப்புத்தகம்

2003 அக்டோபர் கடைசியில ஹார்வர்டு மாணவர் ஒருத்தர், விடுதிகளோட இணையப் பக்கங்கள்ல இருந்து சக மாணவர்களின் படங்களைச் சுட்டு, ரெண்டு ரெண்டு பேரா பக்கத்துல போட்டு 'யாரு அழகு?'ன்னு ஒரு தளம் நடத்தினார். பேர் ஃபேஸ்மாஷ். பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டு விசாரிச்சது. குற்றச்சாட்டுல ஒண்ணு, மாணவர்களின் அந்தரங்கத்தை மீறினது. ஆளைச் சொல்லவே வேண்டாம், மார்க் ஜுக்கர்பெர்க். 2004 பிப்ரவரியில அதே விடுதி அறையில ஃபேஸ்புக் ஆரம்பிச்சார்.

ரெண்டே வருஷம். 2006-ல ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரு முழு வகுப்பையே எடுத்துக்கிட்டாங்க. 2009-ல பட்டம் வாங்கப் போற 1,640 மாணவர்கள். அதுல 97 சதவீதத்துக்கும் மேல ஃபேஸ்புக்ல இருந்தாங்க. அவங்க பக்கங்களை வருஷத்துக்கு ஒரு தடவை இறக்கி வச்சுக்கிட்டாங்க. யாருக்கு யார் நண்பன், எந்த ஊர், எந்தப் பாடம், என்ன அரசியல், யார் மேல ஈர்ப்பு, என்ன பாட்டு, என்ன படம், எல்லாம். கூடவே யார் யாரோட அறையில இருக்காங்கன்னு பல்கலைக்கழகம் கொடுத்த தகவல். ஃபேஸ்புக் அனுமதி கொடுத்தது. பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது. நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது. எல்லா அனுமதியும் பக்கா. அந்த 1,640 பேருக்கு மட்டும் தெரியாது.

நியாயமாச் சொல்லணும்னா, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நல்ல ஆராய்ச்சிதான். இதை வச்சு 2012-ல வந்த கட்டுரையில ஒரு சுவாரசியமான முடிவு: ஒரே மாதிரி பாட்டும் படமும் பிடிக்கிறவங்க நண்பர்களாகறாங்க, ஆனா நண்பனைப் பார்த்து ரசனை மாறுறது ரொம்பக் கம்மி. கிளாசிக்கலும் ஜாஸும் மட்டும் விதிவிலக்கு. நமக்கும் தெரிஞ்ச கதைதானே, இளையராஜா பிடிச்சவன் இளையராஜா பிடிச்சவனைத் தேடிப் போய்ச் சேர்ந்துக்குவான் :-)

பிரச்சினை 2008 செப்டம்பர்ல. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த அரசு நிறுவனம் டேட்டாவைப் பகிர்ந்துக்கணும்னு எதிர்பார்த்தது. அதனால பேர், அடையாள எண் எல்லாம் நீக்கிட்டு, "வடகிழக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம்"னு மட்டும் சொல்லி, முதல் தவணையை மத்த ஆராய்ச்சியாளர்களுக்கு வெளியிட்டாங்க. டேட்டா வேணும்னா நிபந்தனைகளுக்கு ஒத்துக்கணும். ஆனா அதுல என்னென்ன இருக்குன்னு சொல்ற விளக்கக் கையேடு யார் வேணும்னாலும் பார்க்கிற மாதிரி இருந்தது.

மைக்கேல் ஜிம்மர் என்கிற ஆய்வாளர் டேட்டாவைத் தொடவே இல்லை. கையேட்டையும், ஆராய்ச்சியாளர்கள் பொதுவுல பேசினதையும் மட்டும் வச்சுக்கிட்டார். தனியார், ஆண் பெண் ரெண்டு பேரும் படிக்கிற இடம், அந்த வகுப்புல 1,640 பேர், நியூ இங்கிலாந்து பகுதி. இவ்வளவு போட்டதும் மிஞ்சினது ஏழு பல்கலைக்கழகம். அப்புறம் பாடப்பிரிவுப் பட்டியல். 'அண்மைக் கிழக்கு மொழிகளும் நாகரிகங்களும்' மாதிரி பேர் வச்ச துறை எல்லா ஊர்லயும் இருக்குமா என்ன? கடைசி ஆணி, ஆராய்ச்சியாளர் ஒருத்தர் பேச்சுல சொன்னது: முதல் வருஷம் பாதியில மாணவர்கள் ஒண்ணுல இருந்து ஏழு நண்பர்கள் வரைக்கும் தேர்ந்தெடுத்து, மிச்ச வருஷமெல்லாம் அவங்களோடயே தங்கணும். இது ஹார்வர்டு விடுதி முறை. ஆட்டம் முடிஞ்சது.

"சரி, காலேஜ் பேர்தானே தெரிஞ்சது, பையன் பேர் தெரியலையே"ன்னு கேட்கலாம். இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்யுது. அந்த டேட்டாவுல அல்பேனியா ஒருத்தர், ஹங்கேரி ஒருத்தர், ஈரான் ஒருத்தர், நேபாளம் ஒருத்தர்னு ஒத்தை ஆளா இருந்த வரிசைகள் உண்டு. காலேஜும் வகுப்பும் தெரிஞ்சாச்சு. அந்த வகுப்புல நேபாளத்துல இருந்து வந்தது யாருன்னு கண்டுபிடிக்க ஹேக்கர் வேண்டாம், அதே விடுதி மெஸ்ஸுல சாப்பிட்ட ஒருத்தன் போதும். அப்புறம் அவரோட அரசியல், ஈர்ப்பு, நண்பர்கள் எல்லாம் அதே வரிசையில பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல.

டேட்டாபேஸ் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பேரு மட்டும் சாவி இல்லை. ரெண்டு மூணு கட்டம் சேர்ந்தாலே சாவிதான். பேர் இருக்கிற கட்டத்துல நட்சத்திரம் போட்டுட்டு 'மறைச்சாச்சு'ன்னு சொல்றது, வாசக்கதவைப் பூட்டிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைக்கிற கதை. இதுவும் அப்போ புதுசாத் தெரிஞ்ச விஷயம் இல்லை. 1997 வாக்குல லட்டான்யா ஸ்வீனி என்கிற மாணவி, மாசசூசெட்ஸ் மாநிலம் பேர் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்த மருத்துவப் பதிவுகளை எடுத்தார். கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். பிறந்த தேதி, பாலினம், தபால் குறியீடு மூணையும் பொருத்தினார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டோட மருத்துவப் பதிவு தனியா வந்து நின்னுச்சு. அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை இந்த மூணே தகவலை வச்சுத் தனியாப் பிரிச்சுடலாம்னு 2000-ல கணக்குப் போட்டுக் காட்டினார். கேம்பிரிட்ஜ் எதுன்னு பார்க்கிறீங்களா? ஹார்வர்டு இருக்கிற ஊர்தான்!

ஆராய்ச்சியாளர்கள் தரப்பு வாதம் என்னன்னா, ஃபேஸ்புக்ல ஏற்கனவே போட்டதுதானே, நாங்க புதுசா எதையும் தோண்டலையே. கேட்கிறதுக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஓட்டை. பக்கங்களை இறக்கினது அதே பல்கலைக்கழகத்துல படிச்ச உதவியாளர்கள். அப்போ ஃபேஸ்புக்ல 'என் காலேஜ்காரங்க மட்டும் பார்க்கலாம்'னு ஒரு அமைப்பு இருந்தது. வெளியாளுக்குத் தெரியாதது உள்ளாளுக்குத் தெரியும். அந்தப் பையன் கதவைத் திறந்து வச்சது சக மாணவனுக்கு. உள்ளே வந்தது ஆராய்ச்சி. தெருவுல நின்னு பேசறது எல்லாருக்கும் கேட்கும்தான், அதுக்காக வருஷா வருஷம் ஒருத்தர் டேப் ரெக்கார்டரோட வந்து பதிவு பண்ணி, அடுத்த ஊருக்கு அனுப்பலாமா?

கடைசியில அந்த டேட்டாவை இறக்கிட்டாங்க. அதுக்குள்ள பிரதி எடுத்தவங்க கையில இருக்கிறதை யார் திரும்ப வாங்கறது? முதல் கதை ஞாபகம் இருக்கில்ல.

5. வகுப்பறையில கேமரா

2014 வசந்த காலப் பருவம். ஹார்வர்டு மாணவர்கள் வகுப்புக்கு ஒழுங்கா வர்றாங்களான்னு ஒரு ஆராய்ச்சி. பத்து விரிவுரை அரங்குகள்ல கேமரா. நிமிஷத்துக்கு ஒரு படம். எந்த இருக்கை காலி, எந்த இருக்கையில ஆள்னு கணினி எண்ணிடும். சுமார் 2,000 மாணவர்கள் படத்துல இருந்தாங்க. அவங்களுக்குச் சொல்லலை. வகுப்பு எடுத்த பேராசிரியர்களுக்கும் முன்னாடி சொல்லலை. படம் எடுத்து முடிச்ச அப்புறம் அந்தப் பேராசிரியர்களை மட்டும் சந்திச்சு, பயன்படுத்தலாமான்னு கேட்டாங்க. நவம்பர்ல ஆசிரியர் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து கேட்கப் போய்த்தான் விஷயம் வெளிய வந்தது.

நெறிமுறைக் குழு என்ன பண்ணுச்சு? அவங்ககிட்ட ஒழுங்காத்தான் கேட்டிருக்காங்க. குழு சொன்ன பதில்: இது மனிதர்களை வச்சு நடக்கிற ஆராய்ச்சியே இல்லை! ஏன்னா சட்டத்துல உள்ள விளக்கப்படி, ஆராய்ச்சியாளர் அந்த நபரோட பழகணும், இல்லைன்னா அடையாளம் தெரியக்கூடிய அந்தரங்கத் தகவலை எடுக்கணும். இங்கே எண்ணினது இருக்கைகளைத்தானே. ஆக, 2,000 பேர் உட்கார்ந்திருந்தாங்க, ஆனா ஆராய்ச்சி நாற்காலியைப் பத்தி :-(

இப்போ நாலையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. முதுகெலும்புப் படம்: கல்லூரி நிர்வாகம் அனுமதி. மரே: பேராசிரியர் தானே முடிவு பண்ணிக்கிட்டார், மாணவனுக்குச் சொன்னது வேற. ஃபேஸ்புக்: கம்பெனி, பல்கலைக்கழகம், குழு, மூணு அனுமதி. கேமரா: குழு, அப்புறம் பேராசிரியர்கள். வருஷம் ஆக ஆக அனுமதிக் கையெழுத்துகள் கூடிக்கிட்டே போயிருக்கு. அந்தக் கையெழுத்துகள்ல ஒண்ணுகூட, விஷயம் முழுசாத் தெரிஞ்சு ஒரு மாணவன் போட்டது இல்லை.

சொல்லிட்டா ஆராய்ச்சியே கெட்டுடும்னு ஒரு வாதம் இருக்கு. கேமரா இருக்குன்னு சொன்னா எல்லாரும் வகுப்புக்கு வந்துடுவாங்க, உண்மை தெரியாது. அது நிஜம்தான். ஆனா "சொல்லக் கூடாது"ன்னா "எப்பவுமே சொல்ல வேண்டாம்"னு அர்த்தம் இல்லை. பருவ ஆரம்பத்துல "இந்த வருஷம் சில வகுப்புகள்ல இப்படி ஒரு கணக்கெடுப்பு இருக்கும், வேண்டாதவங்க சொல்லுங்க"ன்னு பொதுவாச் சொல்லலாம். முடிஞ்சதும் கூப்பிட்டு, "இதான் பண்ணோம், உன்னோடதை எடுத்துடணுமா?"ன்னு கேட்கலாம். பேராசிரியர்கள்கிட்ட அதைத்தானே கேட்டாங்க? அதே கேள்வியை மாணவன்கிட்ட கேட்கிறதுக்கு என்ன தடை? எனக்குத் தெரிஞ்சு ஒரே தடைதான். பேராசிரியர் 'முடியாது'ன்னு சொன்னா மதிச்சாகணும். மாணவனை மதிக்கணும்னு கட்டாயம் இல்லை.

இதைப் படிக்கிற கல்லூரித் தம்பி தங்கச்சிங்களுக்கு: யாராவது ஆராய்ச்சிக்குன்னு ஃபார்ம் நீட்டினா, ஆப் இறக்கச் சொன்னா, மூணே கேள்வி கேளுங்க. நான் மாட்டேன்னு சொன்னா என் மார்க்குக்கு என்ன ஆகும்? இந்த டேட்டா எத்தனை வருஷம், யார்கிட்ட இருக்கும்? நடுவுல மனசு மாறினா என்னோடதை எடுத்துடுவீங்களா? கேட்கிறது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல ஆராய்ச்சியாளரா இருந்தா மூணுக்கும் பதில் கையில வச்சிருப்பார், கேட்டதுக்கு சந்தோஷமும் படுவார்.

ஆராய்ச்சி பண்ற அண்ணன் அக்காங்களுக்கு: பேரை எடுத்துட்டேன்னு திருப்தி ஆகாதீங்க. ஒத்தை ஆளா நிக்கிற வரிசை எத்தனை இருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. ஒரே ஒரு வரி கொய்ரிதான், ரெண்டு நிமிஷம் ஆகாது. அந்த நேபாளத்துப் பிள்ளை அந்த எண்ணிக்கையிலதான் இருக்கும்.

பி.கு: ஹார்வர்டை மட்டும் பிடிச்சுத் திட்டறேன்னு நினைக்காதீங்க. அங்கே எல்லாம் எழுத்துல இருக்கு, கேள்வி கேட்க மாணவர் பத்திரிகை இருக்கு, கூட்டத்துல எழுந்து நிக்க ஒரு பேராசிரியர் இருந்தார். அதனாலதான் நமக்கு இவ்வளவு தெரியுது. எழுதி வைக்காத இடங்கள்ல நடந்தது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.